டேப்பில் பாடம் முடிந்தது, ஊசி முனை எங்கே?

வாசகர் கேள்வி:

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் ஹெச்ஆர் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் சுமார் 400 பேர் வேலை செய்கிறார்கள். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். எங்கள் துணியை வாங்கும் பையர் கேட்டார்கள் என்று போன வருடம் 12 டேப் (டேப்லெட்) வாங்கினோம். ஒரு சாப்ட்வேரும் போட்டு, தீ பாதுகாப்பு, ஊசி விதிமுறை, கெமிக்கல், சுகாதாரம் எல்லாம் சேர்த்து 45 நிமிடப் பாடமாகக் கொடுத்தோம். கடைசியில் ஒரு தேர்வும் உண்டு. 97 சதவீதம் பேர் முடித்துவிட்டதாக ரிப்போர்ட் காட்டுகிறது. ஆனால் சென்ற மாதம் திடீரென ஃபயர் டிரில் வைத்தபோது, தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த பையனுக்கு அதன் பாதுகாப்புப் பின்னை உருவத் தெரியவில்லை. அடுத்த வாரமே செக்கிங்கில், ஒரு டி-சர்ட்டின் தோள் தையலில் உடைந்த ஊசி முனை அகப்பட்டது. அந்த லைனில் எல்லாருமே பாடம் முடித்தவர்கள். “இந்த ஆளுகளுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் சரிப்படாது. டேப்பை வித்துட்டு பழையபடி ஆள் வெச்சுச் சொல்லிக்குடு” என்கிறார் முதலாளி. அவர் சொல்வது சரிதானா? நான் என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டேப்பை விற்க வேண்டாம். ஆனால் அந்த 45 நிமிடப் பாடத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். உங்கள் முதலாளிக்கு வந்திருக்கும் கோபம் நியாயமானது, அது போய் விழுந்திருக்கும் இடம்தான் தப்பு. ‘இந்த ஆளுகளுக்குச் சரிப்படாது’ என்ற வார்த்தையை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒடிசாவிலிருந்து வந்த பையன் போனில் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான், ரயில் டிக்கெட் போடுகிறான், அம்மாவோடு வீடியோவில் பேசுகிறான். திரையைத் தொடத் தெரியாத ஆள் இன்று உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

இருபது வருடமாக மில், ஃபவுண்டரி, கார்மென்ட் தொழிலாளர்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் செய்து கொடுப்பதுதான் என் வேலை. தொடங்கிய புதிதில் ஒரு நூல் மில்லுக்கு, ஓடும் மெஷினில் கை வைக்கக் கூடாது என்பதைப் பாடமாகச் செய்தேன். நல்ல படங்கள், தெளிவான குரல், கடைசியில் பத்துக் கேள்விகள். எல்லாரும் பாஸ். ஒரு மாதம் கழித்து அதே மில்லுக்குப் போனபோது, பத்துக்குப் பத்து வாங்கிய ஒரு பெண் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் சுற்றியிருந்த பஞ்சை விரலால் இழுத்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லி, “கேள்விக்கெல்லாம் சரியாச் சொன்னீங்களேம்மா?” என்று கேட்டேன். “அது கம்ப்யூட்டருக்குங்க சார். இது மெஷினுக்கு” என்றார். மறைத்துப் பேசவில்லை, உள்ளதைச் சொன்னார். மெஷினை நிறுத்தினால் உற்பத்தி குறையும், குறைந்தால் மேஸ்திரி திட்டுவார். அந்தத் திட்டு என் பாடத்தில் எங்கேயும் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பாடம் எழுதுவதற்கு முன் இரண்டு நாள் ஃப்ளோரில் நின்று பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. முதலாளி இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். அவிழ்த்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சரக்கு.

சிலிண்டர் பையனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு விஷயம் தெரியும். பின்னை உருவ வேண்டும், தீயின் அடிப்பாகத்தைக் குறிவைக்க வேண்டும், பிடியை அழுத்த வேண்டும், இப்படியும் அப்படியும் வீச வேண்டும் என்று டேப் சொல்லியிருக்கும். அவன் கைக்குத்தான் அது தெரியாது. பின்னில் ஒரு பிளாஸ்டிக் சீல் கட்டியிருப்பார்கள். பின்னைத் திருகி இழுத்தால் அது அறுந்துவிடும். பதற்றத்தில் பிடியையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இழுத்தால் பின் இறுகிக்கொள்ளும், வரவே வராது. உங்கள் பையனுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதை எந்த வீடியோவாலும் கைக்குள் இறக்க முடியாது. சைக்கிள் ஓட்டுவதைப் படம் பார்த்துப் பழகியவர் யாரும் இல்லையே.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. சிலிண்டர்களைக் குறிப்பிட்ட கெடு வந்ததும் ரீஃபில்லுக்கு அனுப்புவீர்கள் அல்லவா? நிறைய கம்பெனிகளில் நிரம்பிய சிலிண்டர் அப்படியே வண்டியேறிப் போய்விடும். அனுப்புவதற்கு முன் அதை வைத்துப் பழக்குங்கள். தீயணைப்பு தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, வெளியே திறந்த இடத்தில், ஒரு தகர டிரேயில் கொஞ்சம் தீ மூட்டி, லைனுக்கு இரண்டு பேர் என்று அணைக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஒரு காலி சிலிண்டரில் பின்னை மட்டும் உருவிப் பார்க்கட்டும். தலைக்கு ஒரு நிமிடம் போதும். பவுடர் சிலிண்டர் ஒன்று அரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான், எப்போது அணைக்க நிற்பது, எப்போது போட்டுவிட்டு ஓடுவது என்ற கணக்கு மனதில் விழும்.

அப்புறம் ஊசி. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஓவர்லாக் மெஷின் நிமிடத்துக்கு 6,000 தையலுக்கு மேல் போடக்கூடியது. அந்த வேகத்தில் ஊசி உடைந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முனை எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியாது. துணிக்குள் இருக்கலாம், மடியில் இருக்கலாம், பக்கத்து மெஷினின் பண்டலில் இருக்கலாம். டைலர் என்ன செய்ய வேண்டும்? பெடலிலிருந்து காலை எடுத்து, மெஷினை அணைத்து, துணியை இழுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் காந்தத்தோடு வந்து எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, ஊசி நோட்டில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு துணுக்கு குறைந்தாலும் அந்த பண்டல் முழுக்க ஒதுக்கி வைக்கப்பட்டு மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும். பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புது ஊசி. குழந்தைகள் துணி தைக்கும் கம்பெனிக்கு இது எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்கே தெரியும். எங்கோ ஒரு ஊரில் ஒரு கைக்குழந்தையின் கழுத்தில் அந்த முனை குத்தும்.

இதில் எதுவும் உங்கள் டைலருக்குத் தெரியாத விஷயமில்லை. சந்தேகமிருந்தால் அந்த லைனில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, “ஊசி உடைஞ்சா என்ன செய்யணும்?” என்று கேட்டுப் பாருங்கள். படபடவென்று சொல்வார். சொல்லிவிட்டார் என்றால் உங்கள் சிக்கல் பாடத்தில் இல்லை. அடுத்து, “அப்புறம் ஏன் செய்யறதில்லை?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் வர நேரமாகும். பொறுத்திருங்கள். பீஸ்ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், தைப்பவருக்கு இந்தச் சடங்கு முடியப் பத்துப் பதினைந்து நிமிடம் போகும், அதற்குக் கூலி கிடையாது. “எத்தனை ஊசி உடைப்பே?” என்று லைன் இன்சார்ஜ் எல்லார் முன்னாலும் கத்துவார். சில இடங்களில் ஊசிக் காசைப் பிடிப்பதும் உண்டு. அதனால் மெஷினுக்கு அடியில் ஒரு துணி மடிப்பில் இரண்டு ஊசிகளைச் சொருகி வைத்திருப்பார்கள். உடைந்ததும் தாங்களே மாற்றிக்கொண்டு தைப்பார்கள். இது கம்பெனியே கற்றுக்கொடுத்த பழக்கம். இதை டேப்பைக் கொண்டு அழிக்க முடியாது. முதலில் ஊசி உடைந்து நிற்கும் நேரத்துக்குக் கூலி உண்டு என்று முதலாளியைச் சொல்லச் சொல்லுங்கள். ஊசிக் காசு பிடிப்பதில்லை என்பதை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கத்துவதை நிறுத்த வேண்டியவர் லைன் இன்சார்ஜ். பாடம் இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

சரி, அப்படியானால் 97 சதவீதம் என்பது என்ன? அது கடைசிப் பக்கம் வரை ‘அடுத்து’ பட்டனை அழுத்தியவர்களின் எண்ணிக்கை. உணவு இடைவேளையில் கேன்டீன் மூலையில் டேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு டைலரை ஒருநாள் பின்னால் நின்று பாருங்கள். பட்டன் எப்போது பளிச்சென்று மாறும் என்று நகம் அதன் மேலேயே காத்திருக்கும். கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். சாப்பாட்டு நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு கொடுக்கிற பாடத்தை நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிப்பேன். இன்னொன்றையும் விசாரியுங்கள்: கெட்டிக்காரப் பையன் ஒருவன் பத்துப் பேருக்குச் சேர்த்துத் தேர்வு எழுதியிருக்கிறானா? எழுதியிருந்தால் அவனைத் திட்டாதீர்கள். அடுத்த பாடத்தைச் செய்ய உங்களுக்குக் கிடைத்த முதல் உதவியாளன் அவன்தான்.

தேர்வைப் பாடம் முடிந்த கையோடு வைத்தால் அதை நம்பக் கூடாது என்பதற்கு ஓர் அருமையான ஆய்வு இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்தது. ஒரு சிறு கட்டுரையை ஒரு குழு நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்து, அடுத்த மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. படித்தவர்கள்தான் கெட்டிக்காரர்கள் போலத் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் தங்கியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. உங்கள் ரிப்போர்ட் காட்டுவது அந்த ஐந்தாவது நிமிடத்தை. டிரில்லும் ஊசியும் காட்டியது பல வாரம் கழித்து. இரண்டும் ஒத்துப்போகாததில் ஆச்சரியமே இல்லை.

கம்ப்யூட்டருக்கு உண்மையிலேயே கொடுக்க வேண்டிய வேலை இந்த ஆய்வில்தான் இருக்கிறது. அது காட்டுவதை விடக் கேட்பதில் கெட்டி. 400 பேரிடம், ஒவ்வொருவரிடமும், அவரவர் மொழியில், மூன்றாம் நாள் ஒரு தரம், பத்தாம் நாள் ஒரு தரம், ஒரு மாதம் கழித்து ஒரு தரம் என்று சலிக்காமல் கேட்க எந்த டிரெய்னராலும் முடியாது. டேப்பால் முடியும். மறதி முதல் சில நாட்களில்தான் வேகமாக வேலை செய்கிறது என்று 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்தார். அதனால்தான் ஆரம்பத்தில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் கேட்கிறோம்.

ஆக, 45 நிமிடப் பாடத்தைத் துண்டாக்குங்கள். ஒரு துண்டு நான்கு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ‘தீ பாதுகாப்பு’ என்பது தலைப்பு, அது பாடம் ஆகாது. ‘அலாரம் அடித்தால் என் மெஷினிலிருந்து எந்த வாசல்?’ என்பது ஒரு பாடம். ‘ஊசி உடைந்த முதல் பத்து விநாடி’ என்பது ஒரு பாடம். கறை எடுக்கும் கெமிக்கலை வேறு பாட்டிலில் ஊற்றினால் என்ன ஆகும் என்பது ஒரு பாடம். காட்டுவதற்கு முன் கேளுங்கள். தப்பாகச் சொன்ன பிறகு பார்க்கிற வீடியோவை ஆட்கள் கண்ணை எடுக்காமல் பார்க்கிறார்கள்.

வீடியோவை வெளியே வாங்க வேண்டாம். ஆள் நடமாட்டமே இல்லாத பளபளப்பான பொம்மைத் தொழிற்சாலையில் தலைக்கவசம் போட்ட கார்ட்டூன் மனிதன் ஓடுவதைப் பார்த்தால், ‘இது நம்ம கம்பெனி இல்லை’ என்று மூளை முதல் விநாடியிலேயே முடிவு கட்டிவிடுகிறது. உங்கள் லைனில், உங்கள் மெஷினில், உங்கள் டைலரை வைத்துச் செல்போனில் எடுங்கள். எதிரே நின்று எடுக்காமல், டைலரின் தோளுக்குப் பின்னாலிருந்து கையை எடுங்கள். எதிரிலிருந்து எடுத்தால் இடது வலது மாறிவிடும், பார்க்கிறவர் மனதிற்குள் திருப்பிப் போட வேண்டியிருக்கும். மெஷின் சத்தத்தில் பேசவிடாதீர்கள். குரலை ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பதிவு செய்து ஒட்டுங்கள்.

குரல் யாருடையது என்பதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். வடக்கிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாருக்கும் ஹிந்தியில் ஒரு குரலைப் போட்டுவிடுகிறோம். ஒடிசாவின் உட்புறக் கிராமத்திலிருந்து நேரே வந்த பெண்ணுக்கு ஹிந்தி அரைகுறைதான், அவள் மொழி ஒடியா. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் தலையாட்டுவாள், ஏனென்றால் புரியவில்லை என்று சொல்வது வேலைக்கு ஆபத்து என்று நினைக்கிறாள். உங்கள் கம்பெனியில் இரண்டு மூன்று வருடம் இருக்கிற ஒடியாப் பெண் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல், விஷயத்தைச் சொல்லி, “உன் தங்கச்சி நாளைக்கு வேலைக்கு வர்றா, அவகிட்ட எப்படிச் சொல்லுவே?” என்று கேட்டு, அதைப் பதிவு செய்யுங்கள். அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் கொடுங்கள். அடுத்த வாரம் ஹாஸ்டலில் அவர் குரலை அடையாளம் கண்டு எல்லாரும் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

கேள்விகளில் எழுத்து குறைவாக இருக்கட்டும். இரண்டு போட்டோக்களை வையுங்கள், எது தப்பு என்று தொடச் சொல்லுங்கள். தப்பாகத் தொட்டால் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுப் பயமுறுத்தாமல், அதனால் என்ன ஆகும் என்று அடுத்த படம் காட்டட்டும். அட்டைப்பெட்டி அடுக்கிய வாசலைத் தொட்டால், புகைக்குள் அந்தப் பெட்டிகளில் தடுக்கி விழும் காட்சி. மார்க் வேண்டாம், பாஸ் ஃபெயில் வேண்டாம். மார்க் வந்தாலே அந்தக் கெட்டிக்காரப் பையனைத் தேடிப் போய்விடுவார்கள்.

இன்னொரு வேலைக்கும் கம்ப்யூட்டரை விட்டால் ஆளில்லை: நிஜத்தில் பழகிப் பார்க்க முடியாத, தப்புச் செய்தால் உயிர் போகிற விஷயங்கள். இந்த யோசனை கம்ப்யூட்டருக்கு முன்பே பிறந்தது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தன் அப்பாவின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் கற்ற துருத்தி வேலையை வைத்து, தரையில் நின்றபடியே சாய்ந்து திரும்பும் ஒரு விமானப் பயிற்சிக் கூண்டை 1929-இல் உருவாக்கினார். ஆரம்பத்தில் ராணுவம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934-இல் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு ராணுவத்திடம் வந்து, மோசமான வானிலையில் பல விமானிகள் செத்த பிறகுதான் வாங்கினார்கள். இன்று சிமுலேட்டர் இல்லாமல் பயணிகள் விமானத்துக்குப் பைலட் உருவாவதில்லை. என்ஜின் தீப்பிடிப்பதை வானத்தில் பழகிப் பார்க்க முடியாதல்லவா?

உங்கள் கம்பெனிக்கு அவ்வளவு பெரிய மெஷின் தேவையில்லை. ஆனால் அதே யோசனையை டேப்பில் யாருக்குக் கொடுக்க வேண்டும் தெரியுமா? லைன் இன்சார்ஜுக்கும் சூப்பர்வைசருக்கும். உங்கள் கடிதத்தில் அவர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று ஒரு வரியும் இல்லை. 2012 நவம்பர் 24 அன்று வங்கதேசத்தில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது 110 பேருக்கு மேல் செத்தார்கள். அலாரம் அடித்தும், ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேலிருப்பவர்கள் திருப்பி அனுப்பியதாகப் பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். தையல் தைத்தவர்களுக்குத் தீ பாதுகாப்பு தெரிந்திருந்தாலும் அந்த நிமிடத்தில் எழுந்து போக அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது. நம் ஊரிலும் அதே துணிதான், அதே பையர்தான், அதே ஷிப்மென்ட் அவசரம்தான்.

சூப்பர்வைசருக்கு டேப்பில் ஒரு கதை கொடுங்கள். ராத்திரி எட்டு மணி, ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது, கன்டெய்னர் பத்து மணிக்கு. அலாரம் அடிக்கிறது. போன வாரம் இரண்டு தடவை சும்மா அடித்த அலாரம். நீங்கள் என்ன செய்வீர்கள்? மேனேஜருக்குப் போன் போடுவதா, ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்வதா, மெஷினை அணைத்து எல்லாரையும் இறக்குவதா? ஒவ்வொரு பதிலுக்கும் கதை வேறு பக்கம் போகட்டும். போன் எடுக்கப்படவில்லை, ஒன்றரை நிமிடம் போய்விட்டது, படிக்கட்டில் புகை. இதை ஒருவர் தனியாக உட்கார்ந்து தப்புச் செய்து பார்க்கலாம், யார் முன்னாலும் அவமானம் இல்லை. அதன் பிறகு எல்லா சூப்பர்வைசர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, முதலாளியே வந்து, “அலாரம் அடிச்சா யாரையும் கேட்க வேண்டாம், இறக்குங்க. கன்டெய்னர் போனா போகட்டும்” என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் டேப்பிலிருந்து வந்தால் செல்லாது.

கைவேலைக்குப் பழைய முறைதான் நல்லது. அந்த அளவில் முதலாளி சொல்வது சரி. ஆனால் ‘ஆள் வெச்சுச் சொல்லிக்குடு’ என்றால் மைக் பிடித்துப் பேசுவது என்று அர்த்தமில்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குத் திடீரென லட்சக்கணக்கில் புது ஆட்கள் வந்தபோது, மேஸ்திரிகளுக்கு ஒரு நாலுபடி முறையைக் கற்றுக்கொடுத்தார்கள்: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பின்னால் போய்க் கவனி. போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போன அந்த முறை அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் ஊரில் நல்ல டைலர் ஒருவர் கைமடியை (உதவியாளரை) தன் பக்கத்தில் வைத்துப் பழக்குவதும் ஏறக்குறைய இதேதான், கடைசிப்படி மட்டும் பாதி நேரம் விட்டுப்போகும். அந்த நாலில் முதல் படியை டேப்பிடம் விடலாம், கடைசிப் படிக்கு டேப் நினைவூட்டலாம். நடுவில் உள்ள இரண்டும் கையிலிருந்து கைக்குப் போக வேண்டியவை.

பாலியல் துன்புறுத்தல் பற்றிய பாடத்தையும் டேப்பிலேயே முடித்துவிடலாமா என்ற எண்ணம் வரும். அதை மட்டும் செய்யாதீர்கள். 2013-ஆம் வருடச் சட்டம் விழிப்புணர்வுக் கூட்டங்களை நடத்தச் சொல்கிறது. புகாரை விசாரிக்கும் கமிட்டியில் இருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தால்தான் நாளைக்கு அவரிடம் போய்ச் சொல்லத் துணிச்சல் வரும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சி நேரம் ஷிப்டுக்குள் வர வேண்டும், கூலியோடு வர வேண்டும். பீஸ்ரேட் ஆட்களுக்கு அவர்கள் சராசரியாகச் சம்பாதிப்பதைக் கணக்குப் போட்டு அந்த நிமிடங்களுக்குக் கொடுங்கள். நான்கு நிமிடப் பாடமும் இரண்டு கேள்வியும் என்றால் முதலாளிக்குப் பெரிய தொகை வராது, கணக்கை எழுதியே காட்டுங்கள். பயிற்சி என்றாலே சனிக்கிழமைச் சம்பளத்தில் கொஞ்சம் குறையும் என்று ஆகிவிட்டால், அப்புறம் நீங்கள் என்ன பாடம் செய்தாலும் அது தண்டனையாகத்தான் போய்ச் சேரும்.

இனி ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? முடித்தவர்கள் எண்ணிக்கையைப் பையருக்குக் கொடுங்கள், நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. எந்தக் கேள்வியை நிறைய பேர் முதல் தடவை தப்பாகத் தொட்டார்கள்? எல்லாரும் ஒரே தப்பைத் தொட்டிருந்தால் ஒன்று உங்கள் கேள்வி சரியில்லை, இல்லையென்றால் ஃப்ளோரில் நடப்பதே அதுதான். ஒரு கம்பெனியில், அட்டைப்பெட்டி மறித்த வாசல் படத்தைக் காட்டினால் பலரும் ‘சரி’ என்றே தொட்டார்கள். பேக்கிங் பக்கம் போய்ப் பார்த்தோம். அந்த வாசல் எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்கிறது, வாசல் என்றால் அப்படித்தான் என்று அவர்கள் கண் பழகிவிட்டது. பாடத்தைத் திருத்தவில்லை, பெட்டிகளை எடுத்துவிட்டு, தரையில் மஞ்சள் கோடு போட்டோம். அன்றைக்கு அந்தக் கேள்வி, பாடத்தைவிட அதிகம் வேலை செய்தது.

நீங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். ஊசியிலிருந்து தொடங்குங்கள், ஒரு லைனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூலி அறிவிப்பு முதலில், லைன் இன்சார்ஜோடு பேச்சு இரண்டாவது, வீடியோ மூன்றாவது. 12 டேப்பில் இரண்டை அந்த லைன் ஓரத்தில் வைத்து, டீ நேரம் முடிந்து உட்காருகிற முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு கேள்வி. மூன்று மாதம் பாருங்கள்.

அளவுகோலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஸ்டோரில் ஊசி வாங்கியதற்குக் கணக்கு இருக்கும். எத்தனை புது ஊசி லைனுக்குப் போனது, எத்தனை பழைய ஊசி, மழுங்கியதோ உடைந்ததோ, திரும்பி வந்தது, உடைந்தவற்றில் எத்தனை முழுத் துண்டுகளோடு நோட்டில் ஒட்டப்பட்டது என்று வாரா வாரம் மூன்று எண்களை எழுதி வாருங்கள். ஒளித்து வைத்திருக்கும் ஊசிகளை ஒரு நாள் குறித்து, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவை வைத்துவிட்டு நீங்கள் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டால் போதும்.

ஒன்றை மட்டும் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் மாதம் நோட்டில் உடைந்த ஊசிகளின் எண்ணிக்கை கூடும், சில சமயம் இரண்டு மூன்று மடங்காகக்கூடத் தெரியும். அதைப் பார்த்து அவர் பதறி, லைன் இன்சார்ஜைக் கூப்பிட்டுக் கத்தினால், அடுத்த வாரமே ஊசிகள் துணி மடிப்புக்குத் திரும்பிப் போய்விடும். இத்தனை நாளும் உடைந்துகொண்டிருந்த ஊசிகள்தான் அவை, இப்போதுதான் நோட்டுக்கு வருகின்றன. அந்த எண் கூடுகிற வாரத்தில் அவரை லைனுக்கு அழைத்துப் போய், முதலில் கை தூக்கிய டைலரிடம் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்